சிங்கப்பூர் எவ்வளவு தூரம்?

சென்னையிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம் என்று யாரைக் கேட்டாலும் நொடியில் விடை கிடைக்கிறது. ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். ஆகாய விமானத்தில் நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். இவ்விடை பொய்யென்று எவரும் கூறமுடியாது. ஆனால் நியாயஸ்தலத்தில் ஒரு சாட்சி உண்மை சொல்வது வேறு. முழு உண்மையும் சொல்வது வேறு. மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் சாங்கி விமான நிலையத்துக்கும் இடையேயுள்ள தூரத்தைத்தான் அந்தச் சாட்சி சொல்லுகிறது. எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ தன் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் புறப்படும் தொழிலாளிக்கு அயல்நாட்டிலுள்ள தொழிற்சாலை வாசல் எவ்வளவு தூரம் என்பதை அது சொல்லவில்லை. அதையும் விசாரித்து அறிவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் தூரம் என்பது எப்படி அளக்கப்படுகிறதென்று பார்ப்போம். பூமி உருண்டை. அதன் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர். ஆகவே பூமியின் மையத்தைச் சுற்றிய 360 பாகைகளில் ஒரு பாகைக்குச் சுமார் 111 கிலோமீட்டர் ஆகிறது. பள்ளிக்கூடத்துப் பூகோள உருண்டையின்மீது சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அந்த நூல் படியும் வழியே மிகக் குறுகிய வழி. அது 26 பாகைக்குச் சற்று மேற்பட்டிருக்கும். கணக்கு 2,900 கிலோமீட்டரில் வந்து நிற்கிறது. டில்லியிலிருந்து நியூயார்க்குக்கு இவ்வாறு நூல் பிடித்தால் அது வட துருவத்தின் பக்கமாக வளைந்து போவதைக் கண்டு பிள்ளைகள் வியப்பார்கள். தட்டையான படத்தில் நேராகத் தோன்றும் வழி உருண்டையில் நேர்வழியன்று. நம் சென்னையும் சிங்கப்பூரும் பூமத்திய ரேகைக்கு அண்மையில் இருப்பதால் இந்த வேற்றுமை நமக்கு அதிகமில்லை.

கவனிக்கவேண்டிய வேறொரு விஷயமுண்டு. அந்த நூல் சென்னைக் கரையை விட்டு, வங்காள விரிகுடாவைக் கடந்து, சுமத்திரா தீவின் வடமுனைக்கு மிக அருகே சென்று, மலாக்கா ஜலசந்தியின் ஓரமாகவே சிங்கப்பூரை அடைகிறது. கப்பல் போகும் வழியும் ஏறக்குறைய இதுவே. சென்னைத் துறைமுகத்திலிருந்து சிங்கப்பூர்த் துறைமுகம் 1,600 கடல்மைல் அளவில் இருக்கிறது. ஒரு கடல்மைல் 1.852 கிலோமீட்டர். கணக்கிட்டுப் பார்த்தால் கடல்வழி ஆகாயவழியைவிடச் சொற்பமே அதிகம். விமானம் குறுக்குவழி எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. நம் முன்னோர் காற்றையும் நட்சத்திரத்தையும் நம்பிக் கண்டறிந்த பாதைக்கு மேலேயே அது பறக்கிறது. 1025-ஆம் ஆண்டையொட்டி இராஜேந்திர சோழனுடைய படை கடாரத்தின்மீது சென்றபோதும் இந்த விரிகுடாவைக் கடந்தே சென்றது. விமானிகள் இன்றும் வேகத்தையும் தூரத்தையும் கடல்மைலில் கணக்கிடுவது இந்தப் பழைய உறவுக்கு ஓர் அடையாளம்.

மாறியது தூரமன்று, வேகம். மணிக்குப் பன்னிரண்டு கடல்மைல் ஓடும் நீராவிக்கப்பல் எங்கும் நில்லாமல் ஓடினாலும் 1,600 கடல்மைலைக் கடக்க 133 மணி நேரம், அதாவது ஐந்தரை நாள் ஆகும். நாகப்பட்டினத்திலும் பினாங்கிலும், அந்நாளில் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் எனப்பட்ட கிள்ளான் துறைமுகத்திலும் நின்று போனால் ஒரு வாரம். 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ என்ற கப்பல் 1970-களின் தொடக்கம்வரை இவ்வழியில் ஓடிற்று. மேல்தட்டில் பாய் விரித்து, கட்டுச்சோற்று மூட்டையுடன் ஆயிரக்கணக்கான தமிழர் அதில் போனார்கள், வந்தார்கள். இரப்பர்த் தோட்டத்துக்குக் கங்காணி அழைத்துச் சென்ற கூலிகளும், கடை வைக்கப் போன வியாபாரிகளும், துறைமுகத்திலும் ரயில் பாதையிலும் வேலை தேடிப் போனவர்களும் இவ்வழி சென்றவர்களே. தோட்டத் தொழிலாளர் கூலி குறைக்கப்பட்டதை முன்னிட்டு இந்திய சர்க்கார் 1938-இல் மலேயாவுக்குக் கூலியாட்களை உதவி கொடுத்து அனுப்பும் முறையைத் தடுத்துவிட்டனர். ஆயினும் போக்குவரவு நிற்கவில்லை.

சுதந்திரம் பெற்ற பின் இந்தியக் கப்பல் கழகம் 1972-இல் ஒரு பிரெஞ்சுக் கப்பலை வாங்கி, ‘சிதம்பரம்’ என்று பெயரிட்டு இந்த வழியில் ஓடவிட்டது. 1906-இல் தூத்துக்குடியில் சுதேசி நீராவிக்கப்பல் கம்பெனியைத் தொடங்கி, வெள்ளைக்காரக் கம்பெனியோடு போட்டியிட்டு, அதன் பலனாகச் சிறையும் செக்கும் கண்ட வ. உ. சிதம்பரம் பிள்ளையின் பெயர் அது. 1984 பிப்ரவரியில் நடுக்கடலில் அந்தக் கப்பலில் தீப்பற்றிப் பிரயாணிகள் பலர் மாண்டனர். அதற்குப் பின் அது பிரயாணிகளை ஏற்றவில்லை. அதன் இடத்தில் வேறொரு கப்பல் விடப்படவுமில்லை. இவ்வாறு சென்னைக்கும் மலாய் நாட்டுக்கும் நடுவிலிருந்த ஏழைகளின் பாதை, ஒருவரும் மூடுவதாகத் தீர்மானம் செய்யாமலே மூடப்பட்டுப் போயிற்று.

ஆகாயத்தின் கதை இதற்கு நேர்மாறானது. 1932 அக்டோபர் 15-ஆம் தேதி ஜே. ஆர். டி. டாட்டா ஒரு சிறு விமானத்தில் தபால் மூட்டைகளுடன் கராச்சியிலிருந்து ஆமதாபாத் வழியாகப் பம்பாய்க்குப் பறந்தார். பம்பாயில் அதை ஏற்றுக்கொண்ட நெவில் வின்ஸென்ட், பல்லாரியில் இரவைக் கழித்து, மறுநாள் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். இந்நாட்டு விமானப் போக்குவரவு கடிதங்களைச் சுமந்து தொடங்கியது. இப்பொழுது மனிதர்களைச் சுமக்கிறது. தற்காலத்து விமானம் மணிக்கு 850 கிலோமீட்டர் அளவில் பறக்கிறது. அக்கணக்கில் சிங்கப்பூர் மூன்றரை மணி நேரந்தானே ஆகவேண்டும் என்று வாசகர் கேட்கலாம். தரையில் ஊர்ந்து ஓடுபாதையை அடையவும், ஏறவும், இறங்கவும், இறங்க இடம் கிடைக்கும்வரை காத்திருக்கவும் பிடிக்கும் நேரத்தைச் சேர்த்தால் நான்கேகால் மணியாகிறது.

காற்றும் ஒரு கட்சிக்காரன்தான். ஜூன் முதல் செப்டம்பர் முடியத் தென்மேற்குப் பருவக்காற்று கீழே வீசும்போது, நம் தலைக்கு மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெருங்காற்று வேகமாக ஓடுகிறது. பிற்காலத்தில் இந்திய வானிலை இலாகாவின் தலைவராயிருந்த பி. கோடீஸ்வரம் 1950-களில் இதை ஆராய்ந்து உலகுக்கு விளக்கினார். அந்த மாதங்களில் சிங்கப்பூரிலிருந்து திரும்புகிறவனை அது பின்னாலிருந்து தள்ளும். போகிறவனை எதிர்த்து நிற்கும். ஆகையால் ஒரே வழி, ஒரே விமானம், ஆயினும் போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றாயிரா.

கடிகாரமும் தன் பங்குக்கு மயக்குகிறது. சிங்கப்பூர்க் கடிகாரம் நம் கடிகாரத்துக்கு இரண்டரை மணி முந்தியது. இரவு 11 மணிக்குச் சென்னையில் ஏறியவன் நான்கேகால் மணி பறந்து இறங்கும்போது அங்கே காலை 5-45. டிக்கட்டைப் பார்த்தால் ஆறே முக்கால் மணிப் பிரயாணம்போலத் தோன்றும். திரும்பும்போது காலை 9 மணிக்கு ஏறினால் இங்கே 10-45-க்கு இறங்கலாம். ஒன்றே முக்கால் மணியில் வந்துவிட்டதுபோலிருக்கும். இரண்டும் மாயத்தோற்றம். கடிகாரம் என்பது சர்க்கார் ஏற்பாடு. 1906-இல் இந்தியாவுக்குப் பொது நேரம் ஏற்படுமுன், 1792 முதல் இயங்கிய சென்னை வானாராய்ச்சி நிலையத்தின் நேரமே நாட்டின் ரயில்களுக்கு நேரமாயிருந்தது. இன்றைய கணக்குக்கு அது ஏறக்குறைய ஒன்பது நிமிஷம் பின்தங்கியது.

நேர்கோடு என்பதும் இயற்கை தந்த உரிமையன்று. 1944-இல் சிக்காகோ நகரில் செய்யப்பட்ட உடன்படிக்கையின்படி ஒவ்வொரு தேசத்துக்கும் தன் நிலத்துக்கு மேலுள்ள ஆகாயத்தின்மீது முழு அதிகாரமுண்டு. 1977-இல் பிரிட்டிஷ், சிங்கப்பூர் விமானக் கம்பெனிகள் ஒலியினும் வேகமாய்ப் பறக்கும் ‘கான்கார்ட்’ விமானத்தை இலண்டனிலிருந்து பஹ்ரெய்ன் வழியாகச் சிங்கப்பூருக்கு விட்டன. மலேசியா தன் ஆகாயத்தில் அதன் இரைச்சல் கூடாதென்று மறுக்கவே, மூன்று முறை போய்வந்தவுடன் அது நின்றது. பின்பு மீண்டும் தொடங்கி 1980-இல் முற்றிலும் ஒழிந்தது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் ஆகாயத்தை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, வட இந்தியாவிலிருந்து மேல்நாடுகளுக்குச் செல்லும் நம் விமானங்கள் சுற்றிக்கொண்டு போக நேர்ந்தது. பூமி பெருக்கவில்லை, ஆயினும் ஐரோப்பாவும் அமெரிக்காவும் நமக்கு ஒரே இரவில் தள்ளிப்போயின. தூரத்தை நிர்ணயிப்பதில் பூகோளத்துக்கு உள்ள பங்கு அரசியலுக்கும் உண்டு என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுவதில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். எண்ணூரிலிருந்து மீனம்பாக்கம் நேர்கோட்டில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். உயரத்தில் பறக்கும் விமானம் இந்தத் தூரத்தை இரண்டு நிமிஷத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் கடந்துவிடும். அதே தூரத்துக்கு எண்ணூர்க்காரன் எவ்வளவு நேரம் செலவிடுகிறான்? சென்னைத் துறைமுகத்துக்கும் எண்ணூர்க் காமராசர் துறைமுகத்துக்கும் போய்வரும் கண்டெய்னர் லாரிகள் வடசென்னைச் சாலைகளில் வரிசையிட்டு நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஒன்றரை மணி என்று எண்ணிப் புறப்பட்டவன் இரண்டரை மணியிலும் போய்ச் சேராமல் தவிக்கலாம். விமானம் ஒருவருக்காகவும் காத்திராது. ஆகவே அவன் பயந்து முன்னதாகவே புறப்படுகிறான். அந்தப் பயத்துக்கும் நேரக்கணக்கில் இடமுண்டு.

உதாரணமாக ஒரு கணக்குப் போடுவோம். இரவு 11 மணி விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக வரும்படி கம்பெனிகள் கூறுகின்றன. 8 மணிக்கு அங்கே இருக்கவேண்டுமானால் எண்ணூரில் மாலை 5-30-க்காவது கிளம்பவேண்டும். விமானம் இறங்கும்போது நம் நேரப்படி விடியற்காலை 3-15. பாஸ்போர்ட் பரிசோதனை, பெட்டி எடுப்பது, தொழிலாளர் விடுதிக்குப் போவது எல்லாவற்றுக்கும் இரண்டு மணி நேரம். மொத்தம் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். இதில் ஆகாயத்திலிருந்தது நான்கேகால் மணி. மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே குறைவான நேரத்தை அவன் தரையில் கழித்திருக்கிறான்.

நாளைக்கே ‘கான்கார்ட்’ போன்ற விமானம் ஒன்று வந்து ஆகாய நேரத்தைப் பாதியாக்கிவிட்டாலும் இவனுக்கு மிச்சம் இரண்டு மணி. எண்ணூரிலிருந்து மீனம்பாக்கத்துக்குத் தங்குதடையற்ற நிச்சயமான வழியொன்று ஏற்பட்டால் அதே அளவு மிச்சமாகும். அல்லது ஏறக்குறைய அவ்வளவு மிச்சமாகும். முன்னதற்கு விஞ்ஞானம் இன்னும் பல கோடி செலவிடவேண்டும். பின்னதற்கு நகர நிர்வாகத்தில் மனம் இருந்தால் போதும். எது முதலில் நடக்கவேண்டுமென்று நாம் கேட்கத் தேவையில்லை.

ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையைத் தாண்டித் திருவொற்றியூர் வழியாக விம்கோ நகர்வரை நீட்டப்பட்டது. அங்கிருந்து ஒரே வண்டியில் விமான நிலையம் செல்லலாம். 32 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். வடசென்னைக்கு இது மெய்யான நன்மை. ஆனால் அது எண்ணூரின் வாசலில் வந்து நின்றுவிட்டது. எண்ணூரான் புறநகர் ரயிலில் விம்கோ நகர்வரை வந்து, மூட்டை முடிச்சுகளுடன் வண்டி மாறவேண்டும். நள்ளிரவில் மெட்ரோ ஓடுவதில்லை. அயல்நாட்டிலிருந்து இரவு இரண்டு மணிக்கு வந்திறங்குகிறவன், இரண்டாண்டு உழைத்துச் சேர்த்த பணத்தில் முதல் செலவை வாடகைக்காருக்கு அழவேண்டும். அல்லது விடியும்வரை பெட்டிமேல் தலைவைத்துக் காத்திருக்கவேண்டும்.

வடசென்னை எப்பொழுதும் இப்படிப் பின்தங்கியிருந்ததில்லை. தென்னிந்தியாவில் முதல் பிரயாணி ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி இராயபுரத்திலிருந்து புறப்பட்டு ஆற்காட்டையடுத்த வாலாஜாப்பேட்டைக்குச் சென்றது. சுமார் 100 கிலோமீட்டர். மாட்டுவண்டியில் நான்கு நாள் போன வழி ஒரே பகலுக்குள் அடங்கிற்று. கடல் வாசலும் ரயில் வாசலும் அருகருகே இருந்த இடம் அது. 1873-இல் சென்ட்ரல் நிலையம் ஏற்பட்டபின் இராயபுரத்தின் பெருமை குன்றியது. நாட்டில் இன்றுவரை நிற்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் மிகப் பழமையானது என்ற புகழ் மட்டும் அதற்கு மிஞ்சியது. அதை மறுபடியும் நெடுந்தூர வண்டிகளின் முனையமாக்க வேண்டுமென்ற கோரிக்கை அங்குள்ள ஜனங்களால் நெடுநாளாக எழுப்பப்பட்டு வருகிறது.

இந்த நிலையில் 2022-இல் சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குப் பரந்தூர் தேர்ந்தெடுக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. நகரின் மையத்திலிருந்து அது சுமார் 70 கிலோமீட்டர். எண்ணூர்க்காரனுக்கு அதற்கும் மேல். தங்கள் ஏரியும் வயலும் வீடும் போகுமென்று ஏகனாபுரம் முதலிய கிராமத்தார் அதை எதிர்த்துத் தொடர்ந்து போராடினார்கள். நிலத்தை இழப்பவர் வழக்கு வேறு; தூரத்தைச் சுமப்பவர் வழக்கு வேறு. முன்னவர்கள் வழக்கின் நியாயம் தனியே விசாரிக்கப்படவேண்டிய பெரிய விஷயம். பின்னவர்கள் வழக்கை ஒருவரும் எடுத்துப் பேசவேயில்லை என்பதைத்தான் இங்கே சொல்லவருகிறோம். சிங்கப்பூருக்குப் போகும் நான்கேகால் மணியில் ஒரு நிமிஷமும் குறையாது. ஆனால் விமானத்தைப் பிடிப்பதற்கு வடசென்னையான் பிற்பகலிலேயே புறப்படவேண்டியிருக்கும். இரு துறைமுகங்களின் புழுதியையும் புகையையும் தாங்குகிறவர்களுக்கு ஆகாயத் துறைமுகம் மேலும் எட்டாததாகும்.

இதற்கு ஓர் ஆட்சேபணை கூறப்படலாம். “அயல்நாடு செல்லும் தொழிலாளி இரண்டாண்டுக்கு ஒரு முறை பறக்கிறான், அவனுக்காகப் பாதை போடுவதா?” என்பார்கள். பாதை அவனுக்கு மட்டுமன்று. எண்ணூருக்கு வேலைக்குப் போகிறவன், ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு வருகிறவன், தெற்கே கல்லூரிக்குச் செல்லும் மாணவன் ஆகிய எல்லோரும் அன்றாடம் அதில் போவார்கள். விமானப் பிரயாணி அந்தப் பாதைக்கு ஒரு காரணம், முழுக் காரணமுமல்லன்.

“கப்பலைப் பற்றிப் பேசுவது பழம்பெருமை, ஒரு வாரம் யார் போவார்கள்?” என்று மற்றோர் ஆட்சேபணை. சென்னைத் துறைமுகத்திலிருந்து அந்தமானுக்குப் பிரயாணிக் கப்பல் போய்வருகிறது. விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும் அந்த வழிக்குக் கப்பலில் இரண்டரை நாள் ஆகிறது. அப்படியிருந்தும் அதில் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏனெனில் அவர்களிடம் பணத்தைவிட நேரம் அதிகம், நேரத்தைவிடச் சாமான் அதிகம். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பல பத்தாண்டுகளாக அற்றுப்போயிருந்த கப்பல் தொடர்பு 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கப்பட்டது. அறுந்த கடல்வழியைத் திரும்ப முடியலாம் என்பதற்கு அது சான்று. வேகமான கப்பலொன்று மணிக்கு 20 கடல்மைல் ஓடினால் பினாங்கும் கிள்ளானும் மூன்று மூன்றரை நாளில் எட்டிவிடும். லாபம் வருமா என்பதைக் கணக்கிட்டுப் பார்த்துச் சொல்லட்டும். கணக்கே பார்க்காமல் கைவிடுவது முறையன்று.

ஆகவே நாம் கேட்பது பெரிதன்று. விம்கோ நகரில் புறநகர் ரயிலும் மெட்ரோவும் பிரயாணி சுமையுடன் எளிதில் மாறும்படி இணைக்கப்படட்டும். மெட்ரோவை எண்ணூர்வரை கொண்டுசெல்லும் திட்டம் வகுக்கப்படட்டும். மெட்ரோ உறங்கும் வேளையில் விமான நிலையத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூருக்கு சர்க்கார் பஸ் ஓடட்டும். லாரிகளுக்குத் தனிப் பாதையும் தனி நேரமும் வரையறுக்கப்படட்டும். இரண்டாவது விமான நிலையம் எங்கே அமைந்தாலும் முதல் கல் நடுவதற்கு முன், நகரின் வடகோடியிலிருந்து அதற்குச் செல்ல எவ்வளவு நேரமாகும் என்பதை அதிகாரிகள் எழுத்தில் வெளியிடட்டும். இந்த வேண்டுகோள்களை வட்டந்தோறும் கூட்டம் கூட்டி எடுத்துச் சொல்வதும், சட்டசபை உறுப்பினரையும் மாநகராட்சி உறுப்பினரையும் நேரில் கண்டு விடை கேட்பதும் நம் ஊழியர்களின் கடமை.

அடுத்த முறை ஓர் அதிகாரி மேடையேறி, சிங்கப்பூர் நான்கு மணி நேரந்தான் என்று பெருமையுடன் சொல்லும்போது, கூட்டத்திலிருந்து ஒருவராவது எழுந்து, “எந்த வீட்டு வாசலிலிருந்து?” என்று கேட்கவேண்டும். அதற்கு அவர் சொல்லும் விடையை எழுதி வைத்துக்கொண்டு, வருஷந்தோறும் நினைவூட்டி வரவேண்டும்.